டுலூத் அனற்பாறைத் தொகுதியின் முன்பின் முறை

கீழே கிடப்பது முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது என்பது படிவுப்பாறைக்குரிய நெறி. அனற்பாறைக்கு இந்நெறி முழுதும் பொருந்தாது என்பதற்கு, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சுப்பீரியர் ஏரியையடுத்துள்ள டுலூத் தொகுதி சான்றாகும்.

ஏறத்தாழ 110 கோடி ஆண்டுகட்கு முன்னர் வட அமெரிக்க நிலம் பிளவுறத் தொடங்கிற்று. அப்பிளவு கடலாக விரியாமலே நின்றுவிட்டது. பிளவின்வழி வெளிப்போந்த கற்குழம்பு எரிமலைப் பாறையாய்ப் படிந்தது. பின்னர் எழுந்த குழம்பின் பெரும்பகுதியோ, அப்பாறைக்கும் அதனடியில் கிடந்த தொன்மைப் பாறைக்கும் இடையே புகுந்து உறைந்தது. ஏட்டில் நேர்ந்த இடைச்செருகல் தனக்குப் பின்வரும் அடிகளினும் பிற்பட்டதாதல் போன்றது இது. ‘அடுக்கு’ என்னும் சொல்லே ஈண்டு மயக்கம் தரும். தொகுதியை ஒட்டிய எரிமலைப் பாறை வெப்பத்தால் திரிந்திருத்தலும், அதன் துண்டங்கள் தொகுதியினுள் சிக்கிக் கிடத்தலும் உண்மையைக் காட்டும்.

தொகுதிக்குள்ளும் முன்பின் உண்டு. வெளிர்நிற அனார்த்தொசைட்டுத் துண்டங்கள் கருநிற டிராக்டோலைட்டினுள் காணப்படுதலின், முன்னதே காலத்தால் முந்தியது. ஆயின், சிர்க்கான் மணிகளில் யுரேனியம் ஈயமாக மாறிய அளவுகொண்டு கணித்தால், இரண்டின் அகவையும் 109.9 கோடி ஆண்டு என்றே வருகின்றது. இடைப்பட்ட காலம் கணக்கின் பிழையெல்லைக்குள் அடங்கிவிடுகின்றது.