கேள்விக்குறியாகிப் போன மலர்
(லினக்ஸ் வழங்கியில் தமிழ் இணையதளம் நிறுவுவது குறித்துச் சில அனுபவங்கள்)

நம்மில் பலருடைய வீட்டுப் பரணில் பழைய மலர்கள் சில கிடக்கும். பொங்கல் விழா மலர், வெள்ளிவிழா மலர், திருவள்ளுவர் நாள் மலர் என்று. அட்டை பிய்ந்து போயிருந்தாலும் தூக்கிப் போட மனசு வராது. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தமிழர் எப்படி வாழ்ந்தனர் என்பதை வேறெந்தப் புத்தகத்தில் தேடுவது? பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் தோன்றியது 1950இல். அன்று முதல் இந்த ஊரில் பெரிதும் சிறிதுமாக எத்தனை அமைப்புகள், எத்தனை மலர்கள்! அவற்றை இணையத்தில் ஏற்றிவிட்டால் அமெரிக்காவில் இருக்கும் பேரனும் படிப்பானே என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை?

எங்கள் வட்டாரத்துச் சிறு அமைப்பு ஒன்று 2006இலேயே இந்த வேலையில் இறங்கியது. அடியேனும் கை கொடுத்தேன். மூன்று ஆண்டுகள் எல்லாம் நன்றாகவே நடந்தது. 2009இல் வாடகை குறைவு என்று வேறொரு வழங்கிக்குக் குடிபெயர்ந்தோம். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகச் செயலாளர் ஐயா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, பழைய மலரெல்லாம் பிரெஞ்சு மாதிரி ஏதோ தெரியுது. புதுசா ஏத்தினதுல ஒரே கேள்விக்குறியா நிக்குது. யாருப்பா நம்மளை இத்தனை கேள்வி கேக்குறது?"

சிரித்துவிட்டுத்தான் கணினியைத் திறந்தேன். அரை மணி நேரத்தில் சிரிப்பு போய்விட்டது. என்ன நடந்தது என்று புரிய வேண்டுமானால், இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்று பெயர் நீளமாக இருந்தாலும் விஷயம் எளிதுதான். ஒவ்வொரு பக்கத்தையும் கையால் வடிவமைக்காமல், கட்டுரையைப் பெட்டியில் ஒட்டிப் பொத்தானை அழுத்தினால் பக்கம் தானே உருவாகும். கட்டுரை ஓரிடத்தில், தோற்றம் வேறிடத்தில். 2001இல் வெளியான ட்ரூப்பல், 2003இல் வந்த வேர்ட்பிரஸ், 2005இல் மாம்போவிலிருந்து பிரிந்த ஜூம்லா மூன்றும் கட்டற்ற மென்பொருள்கள். காசு கொடுக்க வேண்டியதில்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நம்மைப் போன்ற சிறு அமைப்புக்கு வேர்ட்பிரஸ் போதும் என்பது என் கட்சி. ட்ரூப்பல் வல்லமை மிக்கது, ஆனால் நிறுவியவர் வேலை மாறி ஹைதராபாத் போய்விட்டால் அடுத்தவர் திணறிப் போவார்.

இதற்கு அடியில் நான்கு அடுக்குகள் உண்டு. இயங்குதளமாக லினக்ஸ், கேட்டவருக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் அப்பாச்சி, கட்டுரைகள் தங்கும் தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல் அல்லது அதன் உடன்பிறப்பான மரியாடிபி, இவற்றை இணைக்கும் பிஎச்பி மொழி. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளில் நிறுவும் கட்டளை ஒன்றிரண்டு வரிதான். காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். சிக்கலெல்லாம் தமிழை உள்ளே விடும்போதுதான்.

ஒருங்குறியின் முதல் பதிப்பு வெளியானது 1991இல். தமிழுக்கு அதிலேயே இடம் கிடைத்தது. லினக்ஸ் பிறந்ததும் அதே ஆண்டு. (1991 என்றால் பெங்களூர்த் தமிழருக்கு வேறு நினைவுதான் வரும். அது இருக்கட்டும்.) இணையத்தில் ஒருங்குறியை யுடிஎஃப்-8 என்ற முறையில் எழுதுகிறார்கள். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 'கி' என்பது நமக்கு ஓரெழுத்து. கணினிக்கு ககரம் ஒன்று, இகரக் கொக்கி ஒன்று, ஆக ஆறு பைட்.

ஆனால் மைஎஸ்க்யூஎல் 2018இல் எட்டாம் பதிப்பு வரும்வரை, நாம் எதுவும் சொல்லாவிட்டால் லத்தீன்-1 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்துத் தொகுதியைத்தான் எடுத்துக்கொண்டது. அகரவரிசை கூட ஸ்வீடன் நாட்டு முறைப்படி! அந்த நிறுவனம் ஸ்வீடனைச் சேர்ந்தது, அதனால் வந்த வினை. 2006இல் நாங்கள் நிறுவியபோது இதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. வேர்ட்பிரஸும் அப்போது கேட்கவில்லை. தமிழ் பைட்டுகள் லத்தீன் வேஷம் போட்டு உள்ளே போயின, அதே வேஷத்தில் வெளியே வந்தன. உலாவி அவற்றைத் தமிழாகவே காட்டியதால் கோளாறு இருப்பதே தெரியவில்லை.

2007இல் வந்த 2.2ஆம் பதிப்பு முதல், தரவுத்தளத்தோடு எந்த எழுத்து முறையில் பேசுவது என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்ந்தது. குடிபெயர்ந்த இடத்தில் புதிய பதிப்பை நிறுவினேன். அந்த வரியில் யுடிஎஃப்-8 என்று இருந்தது. அட்டவணைகளோ பழைய லத்தீன் அட்டவணைகள். இனி இரண்டு விபத்துகளையும் தனித்தனியே பார்க்கலாம்.

முதலாவது, பழைய கட்டுரைகள். உள்ளே இருந்த பைட்டுகளை லத்தீன் எழுத்து என்றே நம்பி, தரவுத்தளம் அவற்றை இன்னொரு முறை மொழிபெயர்த்துக் கொடுத்தது. தமிழ்க் குறிகள் எல்லாமே 224 என்ற பைட்டில் தொடங்கும், அடுத்தது 174 அல்லது 175. லத்தீனில் 224 என்பது தலையில் கோடு விழுந்த சின்ன 'ஏ' எழுத்து. 174 என்பது வணிகக் குறிகளுக்குப் போடும் வட்டமிட்ட 'ஆர்'. ஆகவே பக்கம் முழுக்கக் கோடு போட்ட ஏயும் வட்டமிட்ட ஆரும் மாறி மாறி வந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கிறது.

இரண்டாவது, குடிபெயர்ந்த அன்று இரவு நான் மொத்தமாக ஏற்றிய கட்டுரைகள். இம்முறை தமிழ் தன் சொந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தது. லத்தீன் அட்டவணையில் தமிழுக்கு இடமே இல்லை. இடமில்லாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியை எழுதி வைத்துவிட்டது தரவுத்தளம். இது தோற்றக் கோளாறு அல்ல. உள்ளே இருப்பதே கேள்விக்குறிதான். எந்த மென்பொருளாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

செயலாளர் ஐயா பழைய மலர்களை நினைத்து வருந்தினார். எனக்கு வயிற்றைக் கலக்கியதோ புதியவைதான். அவை அச்சேறாதவை. வட்டாரத்துப் பெரியவர்கள் பதினொரு பேரிடம் ஒலிநாடாவில் பேச்சைப் பதிவு செய்து, இரண்டு மாதம் உட்கார்ந்து தட்டச்சு செய்தவை. ஏற்றியாயிற்றே என்று மூலக்கோப்புகளை அன்றே அழித்திருந்தேன். ஒலிநாடாவின் மேலும் வேறு ஏதோ பதிவாகிவிட்டது.

பழையவற்றை மீட்டது ஒரு மாலை வேலை. பத்தியின் வகையை லத்தீனிலிருந்து நேரே யுடிஎஃப்-8க்கு மாற்றக் கூடாது. மாற்றினால் பிழை நிரந்தரமாகிவிடும். முதலில் எழுத்தே அல்லாத வெறும் இருமத் தரவு என்று அறிவிக்க வேண்டும். பிறகு அந்த இருமத் தரவு யுடிஎஃப்-8 என்று அறிவிக்க வேண்டும். இடையில் வேஷம் கலைந்துவிடும். இதைச் செய்யுமுன் ஒரு நகல் எடுத்து வைப்பது நல்லது என்று சொல்லவே வேண்டாம்.

புதியவற்றில் ஒன்பது, நண்பர்களுக்குப் பிழை திருத்த அனுப்பிய மின்னஞ்சல்களில் அகப்பட்டன. இரண்டு கிடைக்கவில்லை. அவற்றில் ஒன்றைச் சொன்ன பெரியவர் அதற்குள் காலமாகிவிட்டார். அந்தப் பக்கங்களை நான் இன்னும் அழிக்கவில்லை. எண்களும் நிறுத்தற்குறிகளும் லத்தீனிலும் உண்டு என்பதால் அவை மட்டும் தப்பின. வரிவரியாகக் கேள்விக்குறி, நடுவில் 1956, மறுபடி கேள்விக்குறி, கீழே 1991. அந்த ஆண்டில் அவர் வீட்டில் என்ன நடந்தது என்று நான் தட்டச்சு செய்தது நிழலாக நினைவிருக்கிறது. அவர் சொன்ன சொற்கள் நினைவில் இல்லை.

இன்று புதிதாக நிறுவுவோர் தரவுத்தளத்தை உருவாக்கும்போதே யுடிஎஃப்8எம்பி4 என்று குறிப்பிட்டுவிடுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் வெறும் யுடிஎஃப்8 என்பது மூன்று பைட் வரைதான் ஏற்கும். தமிழுக்கு அது போதும், ஆனால் இளைஞர்கள் கட்டுரையில் ஒரு சிரிக்கும் முகத்தைச் சேர்த்தால் நான்கு பைட் வேண்டும். 2015இல் வந்த 4.2ஆம் பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸும் இதற்கு மாறிவிட்டது. மலரை ஏற்றுமுன் ஒரே ஒரு சோதனைப் பக்கம் எழுதி, சேமித்து, மூடித் திறந்து பாருங்கள். நான் செய்யாமல் விட்டது இந்த ஐந்து நிமிட வேலையைத்தான்.

பழைய மலர்களின் அச்சுக் கோப்புகளில் வேறு தொல்லை. அவை பேஜ்மேக்கரில் பாமினி, ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக்களில் செய்தவை. அவற்றில் தமிழ் என்பது ஆங்கில எழுத்தின் மேல் போர்த்திய சட்டை. 'கெ' என்றால் கொம்பு முதலில், ககரம் பிறகு. ஒருங்குறியில் ககரம் முதலில். பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் இதைச் சரி செய்யும், ஆனாலும் ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தே தீர வேண்டும். பரஹ, நுடி எழுத்துருக்களில் எழுதி வைத்த நம் கன்னட நண்பர்களுக்கும் இதே பாடுதான்.

தலைப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வேர்ட்பிரஸ் தலைப்பையே பக்கத்தின் முகவரியாக்கும். முகவரியில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் ஒன்பது எழுத்தாக நீளும். மொத்த இடமோ 200 எழுத்துதான். இருபத்திரண்டு குறிகளோடு முகவரி அறுந்துவிடும். "பெங்களூரில் தமிழ்ப் பள்ளிகள்" என்று தொடங்கும் நான்கு கட்டுரைகள் இருந்தால் நான்குக்கும் ஏறக்குறைய ஒரே முகவரி, வாலில் இரண்டு, மூன்று என்ற எண்ணோடு. ஆண்டும் வரிசை எண்ணும் கொண்ட குறுமுகவரியை நீங்களே கொடுத்துவிடுங்கள். அழகான முகவரிக்கு மாறியதும் முகப்பு தவிர எந்தப் பக்கமும் திறக்கவில்லையா? அப்பாச்சியில் முகவரி மாற்றும் கூறு இயங்கவில்லை என்று பொருள்.

தேடலில் நம் ஸ்ரீராமபுரமே ஒரு பாடம். 'ஸ்ரீ' என்பதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த 'ஶ'வில் தொடங்கியும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. 'கொ'வை ஒரே உயிர்க்குறியாகவும், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுத முடியும் என்பதால் அங்கேயும் இதே கூத்து. 'ஔ'வுக்குப் பதில் ஒகரமும் ளகரமும் அடிப்பவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஏற்றுமுன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதே வழி. ஆசிரியர் பெயர்களை அகரவரிசைப்படுத்தும்போது குறி எண்களை நம்பாதீர்கள். அந்த வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து வந்துவிடும், மெய்யெழுத்து உயிர்மெய்க்குப் பின்னால் போய்விடும்.

கோப்புகளின் உரிமையை எல்லோருக்கும் திறந்துவிடும் 777 வேண்டவே வேண்டாம். படம் ஏறவில்லை என்று அவசரத்தில் அப்படிச் செய்தால் திருடனுக்குக் கதவைத் திறந்து வைப்பது போல. அடைவுகளுக்கு 755, கோப்புகளுக்கு 644, உரிமையாளராக வழங்கியின் பயனர். இது போதும்.

நகலை வாரம் ஒரு முறை எடுக்க லினக்ஸில் கிரான் என்ற ஏவலாள் உண்டு. அவன் எடுப்பது அதே வழங்கியில் கிடந்தால் பயனில்லை, வேறு இடத்துக்குப் போக வேண்டும். எடுத்த நகலை மாதம் ஒரு தடவை வேறொரு கணினியில் விரித்து, தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் அமைப்பில் ஒரு நகல் செயலாளர் ஐயா வீட்டு அலமாரியில் இருக்கிறது. கடவுச்சொற்களும் முகவரிப் பெயரைப் புதுப்பிக்க வேண்டிய தேதியும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி அதே அலமாரியில் வைத்திருக்கிறோம். சாவி இரண்டு பேரிடம்.