கருமணல்

தூத்துக்குடி என்றவுடன் முத்தே நினைவிற்கு வரும். கொற்கை பெருந்துறையாக விளங்கிய காலந்தொட்டு, இக்கரையின் செல்வம் கடலடியில் கிடப்பதாகவே மக்கள் எண்ணி வந்தனர். அம்முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டிற்குப்பின் பெரிய அளவில் நடைபெறவில்லை. ஆயின், பரதவர் தம் வலைகளை உலர்த்தும் மணலிலேயே மற்றொரு செல்வம் கிடந்தது. அதனை நெடுங்காலம் எவரும் பொருட்படுத்தவில்லை.

தூத்துக்குடிக்குத் தெற்கே குமரிவரை செல்லும் கரையில், அலை பின்வாங்கிய இடங்களில் கருமையும் செம்மையுமான கோடுகளைக் காணலாம். மலைப்பாறைகள் வெயிலாலும் மழையாலும் சிதைந்து, ஆறுகளால் கடலுக்குக் கொண்டுவரப்படுகின்றன. கடலோ ஓயாது அவற்றைப் புடைக்கின்றது. முறத்தில் நெல்லைப் புடைக்கும்போது பதர் பறந்து மணி தங்குவதுபோல, இலேசான வெண்மணலை அலை இழுத்துச் செல்ல, கனத்த தாதுக்கள் கரையிலேயே தங்கிவிடுகின்றன. இல்மனைட்டு, ரூட்டைல், சிர்க்கான், கார்னெட்டு, மோனசைட்டு என்பன அவற்றுள் சிறந்தவை.

இவற்றின் மதிப்பு தற்செயலாகவே வெளிப்பட்டது. திருவிதாங்கூரிலிருந்து செருமனிக்குச் சென்ற கயிற்றில் மணல் ஒட்டியிருந்தது. சோம்பர்க்கு என்னும் செருமானிய வேதியியலார் 1909இல் அதனை ஆராய்ந்து, மோனசைட்டு இருத்தலைக் கண்டார். அக்காலத்தில் வாயு விளக்குகளின் வலைத்திரிக்குத் தோரியம் வேண்டப்பட்டது; மோனசைட்டிலோ தோரியம் உண்டு. 1910இல் மணவாளக்குறிச்சியில் தொழிற்சாலை எழுந்தது. கயிறு வாங்கியவர்களுக்குக் கயிற்றினும் அதன் அழுக்கே பெரும்பொருளாயிற்று!

மணலிலிருந்து தாதுக்களைப் பிரிக்கும் முறை எளிய அறிவை அடிப்படையாகக் கொண்டது. முதலில் நீரோட்டத்தில் சுழலவிட்டுக் கனமானவற்றை ஒதுக்குவர். பின்னர்க் காந்தத்தினருகே செலுத்துவர். இல்மனைட்டு எளிதில் கவரப்படும். கார்னெட்டும் மோனசைட்டும் வலிய காந்தத்திற்கே இணங்கும். ரூட்டைலும் சிர்க்கானும் காந்தத்திற்கு வசப்படா. ஆயினும் ரூட்டைல் மின்சாரத்தைக் கடத்தும், சிர்க்கான் கடத்தாது. அவ்வேறுபாட்டைக் கொண்டு அவ்விரண்டையும் பிரித்துவிடுவர்.

கார்னெட்டு, உப்புத்தாள் செய்யவும் கப்பலின் துருவை நீக்கவும் பயன்படும். அதனை நீரோடு கலந்து நுண்துளை வழியே பேரழுத்தத்தில் பாய்ச்சினால் எஃகுத் தகடும் அறுபடும். இல்மனைட்டும் ரூட்டைலும் டைட்டேனியத்தைத் தருவன. வெள்ளை வண்ணப்பூச்சின் வெண்மை டைட்டேனியம் டையாக்சைடால் வருவதே. சாகுபுரத்திலுள்ள தொழிற்சாலையின் முறை குறிப்பிடத்தக்கது. அங்கு உப்பிலிருந்து காஸ்டிக்சோடா செய்யும்போது குளோரின் கிடைக்கின்றது. அதிலிருந்து பெறும் ஐதரோகுளோரிக அமிலத்தால் இல்மனைட்டின் இரும்பைக் கரைத்துச் செயற்கை ரூட்டைல் ஆக்கினர். மண்ணை மண்ணாகவே விற்பதினும் இது மேலான வாணிகம் என்பதில் ஐயமில்லை.

1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஆழமான புதிய துறையில் பெருங்கப்பல்கள் வந்தன. பின்வந்த ஆண்டுகளில் கார்னெட்டும் இல்மனைட்டும் பிற நாடுகளுக்கு மிகுதியாக ஏற்றுமதியாயின. கரையூர்களில் பலருக்கு வேலை கிடைத்தது. எனினும் மணல்மேடு கரைக்கு அரண் என்பதை மீனவர் அறிவர். மேடு குறைந்தால் கடல் ஊரை நெருங்கும் என்று அவர்கள் முறையிட்டனர். இசைவு பெற்ற அளவினும் மிகுதியாக அள்ளப்பட்டது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது.

தமிழக அரசு 2013இல் முதலில் தூத்துக்குடி மாவட்டத்திலும், பின்னர்த் திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் தாதுமணல் அள்ளுதலை நிறுத்தியது. 2018இல் நடுவண் அரசு, இத்தாதுக்களின் ஏற்றுமதி அரசு நிறுவனமாகிய இந்திய அருமண் நிறுவனத்தின் வாயிலாகவே நடைபெற வேண்டுமென ஆணையிட்டது. மோனசைட்டு அணுவாற்றலுக்குரிய பொருளாதலின், அது தனியார் கைக்குச் செல்லுதல் ஆகாது என்பதும் இதில் அடங்கும். தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2025இல் உறுதிசெய்து, முறைகேடுகளை நடுவண் புலனாய்வுத்துறை ஆராயப் பணித்தது.

1950இல் தொடங்கிய அந்த அரசு நிறுவனம், மணவாளக்குறிச்சி ஆலையில் மணல் பிரிக்கும் பணியைப் பின்னும் நடத்தி வந்தது. அது கிள்ளியூர் வட்டத்தில் புதிதாக மணல் எடுக்க முற்பட்டபோது, அக்கரை மீனவர் தம் ஊரும் உடல்நலமும் என்னாகும் என்று கேட்டு அதனை எதிர்த்தனர்.