கேரியரின் மூடியில் ஒரு முத்திரை

ஒரு மென்பொருளையும் அது ஓடுவதற்கு வேண்டிய நூலகங்களையும் கோப்புகளையும் சேர்த்துக் கட்டிய மூட்டைதான் கன்டெய்னர் இமேஜ். அந்த மூட்டையில் நிறுவனம் தானே எழுதிப் போட்டது கொஞ்சம். வெளியிலிருந்து வந்து சேர்ந்தது அதிகம். 2024 மார்ச் இறுதியில், எக்ஸ்ஸெட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் வேண்டுமென்றே ஒளித்துவைத்த பின்வாசல் ஒன்று வெளிப்பட்டது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். அதுவரை எந்த ஸ்கேனருக்கும் அது தெரிய வழியில்லை. மூட்டையில் இருப்பவற்றை, ஏற்கெனவே தெரிந்த ஓட்டைகளின் பட்டியலோடு ஒப்பிடுவதுதான் ஸ்கேனரின் வேலை. ‘ஓட்டை ஏதுமில்லை’ என்ற அறிக்கைக்கு அதற்கு மேல் பொருள் கிடையாது.

இந்த மூட்டை முறையின் வரலாறு சுருக்கமானது. ஒரு நிரலை ஒரே கோப்புறைக்குள் அடைத்துவைக்கும் சிஹெச்ரூட் யூனிக்ஸில் வந்தது 1979-இல், இத்தகைய மூட்டைகளைக் கட்டி ஓட்டும் டாக்கர் 2013-இல், அவற்றை ஆயிரக்கணக்கில் ஓட்டி மேய்க்கும் குபர்னெட்டீஸ் 2014-இல்.

இமேஜின் அமைப்பு அடுக்கு டிபன் கேரியரைப் போன்றது. அடித்தட்டில் சோறு, அதாவது அடிப்படை லினக்ஸ். நடுத்தட்டில் குழம்பு, அதாவது நூலகங்கள். மேல்தட்டில் கூட்டு, நிறுவனத்தின் சொந்த நிரல். அடித்தட்டில் தவறுதலாக ஒரு கடவுச்சொல் விழுந்துவிட்டால், மேல்தட்டில் அதை அழித்துப் பயனில்லை. மேலே ஒரு மறைப்புக் குறிதான் விழும். தட்டைக் கழற்றிப் பார்ப்பவருக்குக் கடவுச்சொல் அப்படியே கிடைக்கும்.

இந்தக் கேரியருக்குப் பெயர் வைக்கும் முறைதான் மிக அழகானது. ஒவ்வொரு தட்டும் எஸ்ஹெச்ஏ-256 என்ற கணக்குக்குள் போய் 64 எழுத்துகளாக வெளிவருகிறது. அந்த எழுத்துச் சரங்களைத் தாங்கிய சிறு பட்டியலும் அதே கணக்குக்குள் போகிறது. வருவது இமேஜின் டைஜெஸ்ட். குழம்பில் ஒரு கல் உப்பு கூடினால் நடுத்தட்டின் சரம் மாறும்; அதனால் பட்டியல் மாறும்; அதனால் கேரியரின் பெயரே மாறும். ‘லேட்டஸ்ட்’ போன்ற டேக் அப்படியல்ல. அது ‘இன்றைய சாப்பாடு’ என்று ஒட்டிய சீட்டு. உள்ளே நேற்று சாம்பார், இன்று ரசம் என்றாலும் சீட்டு மாறாது. டேக்கை நம்பி இமேஜை இறக்குவது ஆபத்தான பழக்கம்.

சோதனை முடிந்த இமேஜின் டைஜெஸ்ட்டில் கோஸைன் போன்ற கருவியால் கையெழுத்திடலாம். சமையலறையில் ருசி பார்த்தவர் மூடியில் அரக்கு முத்திரை வைப்பது போன்றது இது. குபர்னெட்டீஸின் வாசலில் அட்மிஷன் கன்ட்ரோலர் காவலராக நிற்கிறது. இமேஜை ஓட்டச் சொல்லும் கோரிக்கை பதிவாவதற்கு முன்பே அது முத்திரையைப் பார்க்கிறது. இல்லையென்றால் திருப்பி அனுப்புகிறது. பிறகு இமேஜை இறக்கும்போது தட்டுகளின் கணக்கு மறுபடி சரிபார்க்கப்படுகிறது. வழியில் யாரும் கைவைத்திருந்தால் அங்கே பிடிபடும். இந்தக் காவலர் பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வது என்பதும் ஓர் அமைப்பு வரிதான். அதில் ‘ஃபெயில்’ என்றிருந்தால் கதவு அடைத்தே இருக்கும். ‘இக்னோர்’ என்றிருந்தால் காவலர் மயங்கிக் கிடக்கும்போது எதுவும் உள்ளே போகலாம். தளம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பது தவறு.

முத்திரை ‘நஞ்சில்லை’ என்று சான்று தராது. ‘சோதித்தது இதைத்தான்’ என்று மட்டும் சொல்லும். எக்ஸ்ஸெட் பின்வாசலை எந்த முத்திரையும் தடுத்திருக்காது. ஆனால் உண்மை தெரிந்த பிறகு, எந்த டைஜெஸ்ட்டில் எந்தப் பதிப்பு இருக்கிறது, அது எங்கெல்லாம் ஓடுகிறது என்ற பதிவு இருந்தால், தேடுவது சில நிமிட வேலை. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற நூலகத்தின் ஓட்டை வெளியானபோதும் இதே நிலைதான். 9-ஆம் தேதி காலையில் முறையாகச் சோதித்து உள்ளே விட்ட இமேஜ், 10-ஆம் தேதி ஆபத்தானது. அதன் டைஜெஸ்ட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வாசலில் ஒருமுறை பார்த்தது போதாது. இமேஜ்களைச் சேமித்துவைக்கும் கிடங்கில் இருப்பவற்றையும் ஓடிக்கொண்டிருப்பவற்றையும் தினமும் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். ஓட்டை தெரிந்தால் ஓடும் கன்டெய்னருக்குள் புகுந்து ஒட்டுப்போடக் கூடாது. திருத்திய இமேஜைப் புதிதாகக் கட்டி, புதிய டைஜெஸ்ட்டும் புதிய முத்திரையுமாக, அதே வாசல் வழியாகத்தான் உள்ளே அனுப்ப வேண்டும்.