உபின் தீவில் இன்னும் கேட்கும் பாட்டு

சாங்கி முனையில் படகேறிப் புலாவ் உபினில் இறங்கி, காலை வேளையில் சைக்கிளை மெல்ல மிதித்தால் மரங்களுக்குள்ளிருந்து ஒரு பாட்டு கேட்கும். நீர் கொப்பளிப்பதுபோலத் தொடங்கி, கணீரென்று உயரும். பெரும்பாலும் ஒன்று பாட, அதன் துணையும் சேர்ந்துகொள்ளும். வைக்கோல் தலைச் சின்னானின் குரல் அது. மலாயில் ‘பாராவ் பாராவ்’, இந்தோனீசியாவில் ‘சுச்சாக் ராவா’.

குரலைக் கேட்டுவிட்டுப் பறவையைத் தேடுவோருக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கலாம். மைனாவைவிடக் கொஞ்சம் பெரிய உடல், ஏறக்குறைய 29 சென்டிமீட்டர். வைக்கோல் நிறத் தலை, கண்ணருகே கறுப்புக் கோடு, பழுப்பு முதுகு, அவ்வளவுதான். பழங்களும் பூச்சிகளும் இதன் உணவு. அடர்ந்த காட்டின் நடுவைவிட ஆற்றோரம், காட்டின் விளிம்பு, சதுப்புநிலம், கைவிடப்பட்ட ரப்பர் தோட்டம் ஆகியவற்றையே விரும்பும்.

அறிவியல் பெயரில் ஒரு வேடிக்கை. 1789ல் கிமெலின் இட்ட ‘சைலானிக்கஸ்’ என்ற சொல்லுக்கு ‘இலங்கையைச் சேர்ந்தது’ என்று பொருள். இலங்கையிலோ இந்தப் பறவையே இல்லை!

காடழிப்பு இதைப் பாதித்தது உண்மைதான். ஆனால் வெட்டப்பட்ட காட்டின் ஓரத்திலும் வாழத் தெரிந்த பறவை இது. இதை வீழ்த்தியது அதன் குரலே. ஜாவாவில் பாடும் பறவை வளர்ப்பது பழங்கால மரபு. வீடு, மனைவி, குதிரை, கிரிஸ் கத்தி ஆகியவற்றோடு ஒரு பறவையும் இருந்தால்தான் ஆண்மகனின் வாழ்வு நிறைவு என்பார்கள். இன்று பரிசுப் பணத்துடன் பறவைப் பாட்டுப் போட்டிகளே நடக்கின்றன. விலை ஏற ஏற, வலையும் காட்டுக்குள் ஆழமாகச் சென்றது. ஒரே இடத்தில் குடும்பமாகத் தங்கி, தினமும் உரக்கப் பாடும் பறவையைக் கண்டுபிடிப்பது வேட்டைக்காரர்களுக்குக் கடினமா என்ன?

தாய்லாந்திலும் ஜாவாவிலும் காட்டில் இது அற்றுப்போய்விட்டது. மலேசியாவில் பகாங் போன்ற சில இடங்களில் மட்டும் எஞ்சியிருக்கிறது. 2018ல் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை ‘மிக அருகிய இனம்’ என்று அறிவித்தது. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய ‘சைட்டிஸ்’ மாநாடு, காட்டில் பிடித்த இப்பறவைகளை நாடுகளுக்கிடையே விற்பதைத் தடை செய்தது. அதை முன்மொழிந்த நாடுகளில் சிங்கப்பூரும் மலேசியாவும் அடங்கும்.

வானுயர்ந்த கட்டடங்களின் நகரான சிங்கப்பூரில் சில நூறு பறவைகள் எஞ்சியிருப்பதுதான் வியப்பு. உலகில் மிச்சமிருப்பவற்றில் இது கணிசமான பங்கு. உபினில் எண்ணிக்கை கூடியும் வந்திருக்கிறது. வேட்டைக்கு எதிரான சட்டமும் கண்காணிப்பும் அதற்கு முக்கியக் காரணம் என்பேன். பழைய ரப்பர் தோட்டங்களும் பழமரங்களும் புதர்மண்டிக் கிடப்பதும் பறவைக்கு வசதியாகிவிட்டது.

உபினுக்குப் போக முடியாதவர்கள் புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்காவில் விடியற்காலையில் காத்திருக்கலாம். கைப்பேசியில் பதிவுசெய்த பாட்டை ஒலிக்கவிட்டு அதை வரவழைக்க மட்டும் வேண்டாம். வேறொரு பறவை தன் எல்லைக்குள் புகுந்துவிட்டதென நினைத்து, கூட்டையும் இரையையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும்.