போனவர் எங்கே?

யாழ்ப்பாணப் பட்டினத்தை விட்டு நாவற்குழிப் பக்கம் புறப்படுவோர் செம்மணி வெளியைக் கடந்தே செல்லல் வேண்டும். முன்னாளில் உப்பு விளைந்த இடம் அது. இன்று அப்பெயரைச் செவியுறும் நம் தாய்மாருக்கு நினைவில் எழுவது உப்பன்று.

1995ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்விற்குப் பின், 1996இல் சனங்கள் இராணுவத்தின் வசமாகிவிட்ட வலிகாமத்துக்குத் திரும்பினார்கள். காலையில் சைக்கிளில் புறப்பட்ட பிள்ளை மாலையில் வீடு வரவில்லை. பெற்றோர் முகாம் வாசலுக்கு ஓடினால், அப்படி ஒருவரையும் பிடிக்கவில்லை என்ற விடையே கிடைத்தது. அவ்வாண்டு ஏப்ரலில் போர்ச்செய்திகளுக்குத் தணிக்கையும் விதிக்கப்பட்டிருந்தது. ஊரில் எல்லோரும் அறிந்த செய்தி, எழுத்தில் மட்டும் இல்லாதிருந்தது.

செப்டெம்பர் 7ஆந் திகதி, சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி குமாரசுவாமி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுத் திரும்புகையில் செம்மணிக் காவலரணில் மறிக்கப்பட்டார். தேடிச்சென்ற தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் வீடு திரும்பவேயில்லை. பிள்ளை எங்கே என்று கேட்கப் போனதே குற்றமாயிற்று! ஏறத்தாழ ஒன்றரை மாதத்தின் பின் நால்வரின் உடல்களும் தோண்டியெடுக்கப்பட்டன. 1998 யூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் இராணுவத்தினருக்கு மரணதண்டனை விதித்தது. அப்பொழுது குற்றவாளிகளுள் ஒருவரான சோமரத்ன ராஜபக்ஷ, செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டுள்ளன என்று நீதிமன்றத்திலேயே கூறினார். 1999இல் தோண்டியபோது கிடைத்தவை 15. அப்பதினைந்து பேரின் பொருட்டு இன்றுவரை ஒருவரும் தண்டனை பெற்றிலர்.

சட்டங்கள் பின்னர் வராமலில்லை. 2016இல் காணாமற் போனோர் அலுவலகச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில், மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று மறுத்த குடும்பங்களுக்கு, ஆளைக் காணக்கிடைக்கவில்லை என்னும் சான்றிதழ் பெறவும் வழி பிறந்தது. உயிரோடிருக்கக்கூடும் என்று நம்பும் மகனை இறந்தவனெனக் கையொப்பமிட எந்தத் தாய் இசைவாள்? இச்சான்றிதழைக் கொண்டு உதவிப்பணம் கேட்கலாம். காணி பூமியைப் பராமரிக்கலாம். இவ்வளவில் நன்றே.

தகவலறியும் உரிமைச் சட்டமும் 2016இலேயே வந்தது. எழுதிக் கேட்டால் 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லல் வேண்டும். ஆனால், காணாமற் போனோர் அலுவலகத்திடம் இரகசியமாக ஒப்படைக்கப்பட்ட தகவலுக்கு அச்சட்டம் செல்லாது. சாட்சியின் உயிருக்குக் காப்பு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அக்கதவின் வெளியே நிற்பவள் பெற்றவளல்லவா?

2025 பெப்ரவரியில், செம்மணியை அடுத்த சித்துப்பாத்தி இந்து மயானத்தில் தகனமேடை அமைக்க மண் வெட்டியவர்கள் எலும்புகளைக் கண்டார்கள். நீதவான் மேற்பார்வையில் அகழ்வு தொடங்கியது. செப்டெம்பருக்குள் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. குழந்தைகளுடையனவும் அவற்றுள் இருந்தன. அவர்கள் யார், எப்போது புதைக்கப்பட்டனர் என்பன நீதிமன்ற விசாரணைக்குரியவை.

ஓகஸ்ட் 5ஆந் திகதி, குழிகளிற் கிடைத்த பொருட்கள் பொதுமக்கள் அடையாளங் காணும்பொருட்டு வைக்கப்பட்டன. உடைகள், வளையல், பிள்ளையின் விளையாட்டுப் பொம்மை, நீலநிறப் பள்ளிப் பை. நகைக்கடையிற் பொருள் பார்ப்பதுபோல் பார்க்கக்கூடியவையா இவை? ஒரு புத்தகப்பை ஆயிரம் வீடுகளில் இருந்திருக்கும். அது எவருடையது என்று சொல்லவேண்டுமாயின், பிள்ளை காணாமற் போன அன்றே, அவன் என்ன நிறச் சட்டை அணிந்திருந்தான், கையில் என்ன கொண்டு சென்றான் என்று கேட்டு ஒருவர் எழுதியிருத்தல் வேண்டும். எழுதியதன் பிரதியொன்று பெற்றவளிடமும் இருத்தல் வேண்டும்.