ஸ்பீக்கர் கரகரன்னு கத்துதா? தப்பு ஸ்பீக்கர் மேல இல்லாமலும் இருக்கலாம்... என்ன செய்யணும்?

சர்க்கரை அளவை வாய்விட்டுச் சொல்லும் கருவி, பார்வையற்றவர்களுக்குப் பெரிய உதவி. ஆனா அது சொன்னது ‘அறுபது’ன்னா, ‘எழுபது’ன்னா? 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை, உடனே கவனிக்கணும். குரல் கரகரத்தால், கருவி சரியா அளந்தும் பயன் இல்லை.

இப்படிப் பேசும் கருவிகளை ஆர்டுயினோ, இஎஸ்பி32 போன்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளை வைத்து மாணவர்களே செய்யலாம். அதில் தெளிவான குரலை வரவைப்பது எப்படி? பார்க்கலாம்.

இரைச்சல் எங்கிருந்து வருது?

மைக்ரோகன்ட்ரோலர் என்பது ஒரே சிப்புக்குள் அடங்கிய குட்டிக் கணினி. ஆர்டுயினோ ஊனோ போர்டின் ‘பின்’களுக்குத் தெரிந்தது ஆன், ஆஃப் இரண்டு மட்டும்தான். குரலோ அலை மாதிரி ஏறி இறங்கும். அதனால் வேகமாக ஆன், ஆஃப் செய்து, அதன் சராசரியில் அலையை உருவாக்குவார்கள். இதற்குப் பெயர் பிடபிள்யூஎம்.

சிக்கல் இங்கேதான். ஊனோவின் பெரும்பாலான பின்களில் இந்த வேகம் விநாடிக்கு சுமார் 490 முறை மட்டுமே. நம் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதனால் அந்த ஆன், ஆஃப் ஆட்டமே ‘ங்ங்’ என்று கேட்கும். டைமரை மாற்றி 62,500 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் காதுக்கு எட்டாது. அதோடு 1 கிலோஓம் ரெசிஸ்டர், 33 நானோஃபாரட் கெப்பாசிட்டர் சேர்த்து ஒரு வடிகட்டி போட்டால், பேச்சு தங்கும், மிச்ச இரைச்சல் பெருமளவு அடங்கும்.

ஸ்பீக்கரை நேரா மாட்டினால் என்ன?

மாட்டவே கூடாது. 5 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கர் 600 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஊனோவின் ஒரு பின் தாங்கும் உச்ச வரம்பே 40 மில்லிஆம்பியர். நடுவில் பிஏஎம்8403 மாதிரி சின்ன ஆம்ப்ளிஃபயர் கட்டாயம். இன்னொரு விஷயம்: இந்த வகை ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கரின் மைனஸ் வயரை கிரவுண்டில் சேர்க்காதீங்க, சிப் போய்விடும்.

இதைவிட சுலபமான வழி இருக்கா?

இருக்கு. இஎஸ்பி32 போர்டோடு மேக்ஸ்98357ஏ என்ற ஆம்ப்ளிஃபயரைச் சேர்க்கலாம். இரண்டும் ஐ2எஸ் என்ற முறையில் 3 சிக்னல் வயர்களில் பேசிக்கொள்ளும். குரல் எண்களாகவே ஆம்ப்ளிஃபயர் வரை போகும், அங்கேதான் அலையாக மாறும். வழியில் இரைச்சல் ஒட்டிக்கொள்ள இடம் குறைவு. 8 பிட்டில் குரலுக்கு 256 படிகள்தான், 16 பிட்டில் 65,536. அந்த வித்தியாசம் காதுக்கே தெரியும்.

அப்பவும் கரகரத்தால்?

• பவர்: வைஃபை இயங்கும்போது இஎஸ்பி32 விட்டுவிட்டு அதிக மின்சாரம் இழுக்கும், ‘டிக் டிக்’ன்னு கேட்கும். ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்க.

• கிரவுண்ட்: ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்ட் வயரை போர்டு வழியா சுற்றவிடாமல், பவர் வரும் இடத்துக்கே நேரா கொண்டுபோங்க.

• வால்யூம்: முழுசா ஏற்றினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு குரல் உடையும்.

• பெட்டி: வெறும் ஸ்பீக்கரின் முன்பக்க, பின்பக்க அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஒரு சின்ன டப்பாவில் பொருத்தினாலே குரல் கனமாகும்.

குறையைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் சத்தமே இல்லாத ஆடியோ ஃபைலை ஓடவிடுங்க. அப்பவும் இரைச்சல் கேட்டால் பவர் அல்லது கிரவுண்ட் சிக்கலாக இருக்கலாம். அடாப்டரைக் கழற்றிவிட்டு பவர் பேங்கில் ஓட்டிப் பாருங்க. இரைச்சல் நின்றால், மாற்ற வேண்டியது அடாப்டரைத்தான். பேசும்போது மட்டும் கரகரத்தால் வால்யூமைக் குறைங்க, பதிவு செய்த ஃபைலை ஹெட்போனில் கேளுங்க. இதெல்லாம் சரியா இருந்தும் குரல் உடைந்தால்தான், புது ஸ்பீக்கருக்குச் செலவு செய்யணும்.