திண்ணையும் சந்தையும்

"இண்டர்நெட் வருவதற்கு முன்னால் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள், தாத்தா?" என்று என் பேரன் கேட்டான். "திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. புரியும்படி சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் சொன்ன திண்ணைக்குப் 'புல்லட்டின் போர்டு' என்று பெயர், சுருக்கமாக பி.பி.எஸ். 1978 பிப்ரவரியில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வார்டு கிறிஸ்டென்சன், ராண்டி சூயஸ் என்ற இரு நண்பர்கள் முதல் பி.பி.எஸ்.ஸை இயக்கினார்கள். பனிப்புயலில் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது பிறந்த யோசனை அது. ஒருவர் தம் வீட்டுக் கம்ப்யூட்டரை மோடம் வழியாகத் தொலைபேசியில் இணைத்து வைப்பார். மற்றவர்கள் அந்த எண்ணுக்கு டயல் செய்து, அங்குள்ள கடிதங்களைப் படித்து, தங்கள் பதிலையும் எழுதி வைத்துவிட்டு வெளியேறுவார்கள். ஒரே தொலைபேசி என்றால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம்.

பிறகு நம் நாட்டிலும் பம்பாய், பெங்களூர் போன்ற நகரங்களில் இவை தோன்றின. நான் செம்பூரிலிருந்து டயல் செய்த போர்டு, சயானில் ஒரு குஜராத்தி நண்பரின் படுக்கையறையில் இருந்தது. என் 2400 மோடத்தில் ஒரு திரை நிறைய எழுத்து வர எட்டு விநாடி ஆகும். ஆளுக்கு தினம் அரைமணி நேரம்தான். பாதி நாள் 'எங்கேஜ்டு' ஒலிதான் கேட்கும். எஸ்.டி.டி. கட்டணத்துக்குப் பயந்து வெளியூர்க்காரர் யாரும் வரமாட்டார்கள். ஆகவே வந்தவர்கள் எல்லாரும் உள்ளூர்வாசிகள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவில் ஓர் உடுப்பி ஓட்டலில் கூடிக் காபி குடிப்போம்.

1995-ல் பருவமழை பொய்த்தது. காவிரித் தகராறு மறுபடி கிளம்பியது. தஞ்சை மாவட்டத்திலிருந்து அப்பா எழுதிய கடிதத்தில், சம்பாப் பயிர் கருகுகிறது என்று இருந்தது. அன்றிரவு போர்டில் கர்நாடகத்துக்காரர்களைப் பற்றிக் கண்டபடி எழுதிவிட்டேன். எங்களோடு மண்டியாவைச் சேர்ந்த கன்னட நண்பர் ஒருவரும் இருந்தார் என்பது எனக்குத் தெரியாததல்ல.

மறுநாள் காலை குஜராத்தி நண்பர் தொலைபேசியில் கூப்பிட்டார். "நீங்கள் எழுதியதை நான் அழிக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவுக்கு வந்து அதையே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் நீங்களே அழித்துவிடுங்கள்" என்றார்.

போனேன். கன்னட நண்பர் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை. "1991 கலவரத்தின்போது பெங்களூரில் என் அக்கா, பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்தைத் தன் வீட்டில் இரண்டு நாள் வைத்துக் காப்பாற்றினாள். நீங்கள் எழுதியதை அவளுக்கு நான் எப்படிப் படித்துக் காட்டுவது?" என்றார். எனக்குக் காபி இறங்கவில்லை. அப்பாவின் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். தமிழ் தெரியாத அவருக்கு வரிவரியாக விளக்கினேன். "எங்கள் ஊரிலும் இப்படித்தான் கடிதம் வருகிறது" என்றார். அன்றிரவு முதல் வேலையாக என் கடிதத்தை அழித்தேன்.

அதே 1995 ஆகஸ்ட் 15-ல்தான் வி.எஸ்.என்.எல். நிறுவனம் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இண்டர்நெட்டைத் திறந்துவிட்டது. எழுத்து மட்டும் தெரியும் மாணவர் இணைப்புக்கு 500 ரூபாய். படமும் தெரிய வேண்டுமானால் 15,000 ரூபாய். கட்டணம் குறையக் குறைய எங்கள் திண்ணை காலியாயிற்று. நண்பர் ஒருநாள் மோடத்தைக் கழற்றி வைத்துவிட்டார்.

இண்டர்நெட்டை நான் குறை சொல்லவில்லை. எங்கள் போர்டில் தமிழைக்கூட ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டியிருந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மூலம் பழந்தமிழ் நூல்களை வீட்டிலிருந்தே தமிழ் எழுத்தில் படிக்க முடிந்தபோது கண் கலங்கியது. திண்ணையால் இதைத் தந்திருக்க முடியாது. உலகமே கூடும் சந்தைதான் தரமுடியும்.

ஆனால் சந்தையில் ஒருவரை ஒருவர் ஏசினால் மறுநாள் காலை கூப்பிட்டுக் கேட்க ஆளில்லை. காவிரிப் பிரச்சினை அதற்குப் பிறகும் பலமுறை வந்தது. அப்போதெல்லாம் முகம் தெரியாதவர்கள் முகம் தெரியாதவர்களைத் திட்டிக்கொண்டதைப் படித்திருக்கிறேன். எனக்கு வாய்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு வாய்க்கவில்லை.

இன்று நம் சங்கத்துக் குடும்பங்கள் வாட்ஸ்ஆப் குழுக்களில் இருக்கின்றன. கையில் இருப்பது சந்தையின் கருவிதான். ஆனால் நாமெல்லாரும் ஒரே ஊரில் வசிப்பவர்கள். குழுவை நடத்துபவர், தகராறு வந்தால் ஆளை நீக்குவதற்கு முன் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசட்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாரும் நேரில் கூடுவோம். காபிச் செலவு என்னுடையது. செயற்குழு யோசிக்குமா?